கிஸ்ஸிம்மி: தூர்த்த கால்வாயும் முழுதாகத் திரும்பாத வெள்ளமும்

ஆற்றை மீட்பது என்ற பேச்சு வந்தாலே ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிம்மி ஆறும் பேச்சில் வந்துவிடும். நேராக வெட்டிய கால்வாயை மண் போட்டு மூடினார்கள், பழைய வளைவுகளில் மறுபடி ஆறு ஓடியது, பறவை வந்தது, மீன் வந்தது என்று இரண்டு வரியில் சொல்லி முடிப்பார்கள். அந்த இரண்டு வரியும் உண்மைதான். ஆனால் படுகையில், அதாவது கரை தாண்டிய வெள்ளம் பரவி நிற்கும் நிலத்தில், எத்தனை நாள் தண்ணீர் நின்றது, நின்ற தண்ணீர் எவ்வளவு மெதுவாக வடிந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்தத் திட்டத்தில் கிடைத்த வெற்றியும் தங்கிப்போன குறையும் அந்தக் கேள்வியோடுதான் கட்டுண்டு கிடக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய ஆறு

ஆர்லாண்டோ நகருக்குத் தெற்கே வரிசையாக ஏரிகள். ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் கிஸ்ஸிம்மி ஏரியில் வந்து சேரும். அங்கிருந்து புறப்படும் ஆறு, தெற்கே ஒக்கிசோபி ஏரியில் விழும் வரை 166 கி.மீ. தூரம் வளைந்து வளைந்து ஓடியது. சரிவு கிலோமீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர் அளவுதான். இவ்வளவு தட்டையான நிலத்தில் ஆறு கரைக்குள் அடங்கிக் கிடக்காது. வினாடிக்கு 40 கன மீட்டர் வந்தாலே கரை தாண்டிப் படுகையில் ஏறிவிடும், அந்தப் படுகையோ ஒன்றரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை அகலம்.

மழை ஜூன் வாக்கில் பிடிக்கும். மேலே இத்தனை ஏரிகள் நிரம்பி வழிய நாள் பிடிக்கும் என்பதால் ஆற்றில் உச்ச நீர் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில், மழை ஓய்கிற நேரத்தில்தான் வரும். அப்புறம் அடுத்த கோடை வரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒரு அடிகூட இறங்காது. படுகையின் பெரும்பகுதி ஆண்டில் பாதி நாளுக்கு மேல் நனைந்தே கிடந்தது. இந்த மாதத்துக்கு ஒரு அடி என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தண்ணீர் படுகையில் ஏறியதும் அகன்ற இலைச் செடிகளுக்கு நடுவே பாசி பிடிக்கும், பூச்சி பெருகும், சின்ன இறால் பெருகும், சிறு மீன்கள் அங்கேயே தின்று அங்கேயே ஒளிந்து வளரும். ஆற்றின் ஓடுபாதையில் இருக்கிற இரையைவிடப் பல மடங்கு இரை அந்த முழங்கால் ஆழத் தண்ணீரில்தான் உருவாகிறது. தண்ணீர் மெதுவாக இறங்கும்போது அந்த உயிரெல்லாம் ஆற்றுக்குள் இறங்கி வரும், பெரிய மீன்களுக்குத் தீனி. பள்ளங்களில் தங்கியதைக் கொக்கும் அரிவாள் மூக்கனும் தின்னும். அதே தண்ணீர் ஒரே வாரத்தில் சரிந்துவிட்டால் குஞ்சுகள் புல்லிலேயே மாட்டிக்கொள்ளும். அதோடு, மட்கிய இலைதழையோடு நின்று ஆக்சிஜன் தீர்ந்துபோன தண்ணீர் மொத்தமாக ஆற்றில் விழுந்து, ஆற்றிலிருக்கும் மீனுக்கும் மூச்சு முட்டும்.

கால்வாய் வந்தது

1947 செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்து இரண்டு புயல்கள் தெற்கு ஃப்ளோரிடாவை அடித்துப் போட்டன. ஊர்களும் மேய்ச்சல் நிலங்களும் நாள் கணக்கில் நீரில் கிடந்தன. மக்கள் கேட்டது நியாயமான கேள்வி, வெள்ளத்திலிருந்து காப்பாற்று என்று. அடுத்த ஆண்டே அமெரிக்க காங்கிரஸ் மத்திய, தெற்கு ஃப்ளோரிடாவுக்கான பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, 1954இல் கிஸ்ஸிம்மி அதில் சேர்ந்தது. 1962 முதல் 1971 வரை ராணுவப் பொறியாளர் படை கால்வாயை வெட்டியது: 90 கி.மீ. நீளம், 9 மீட்டர் ஆழம், இடத்துக்கு இடம் 60 முதல் 100 மீட்டர் அகலம். பெயர்கூட வெறும் எண்தான், சி-38.

கால்வாயின் குறுக்கே ஆறு ஷட்டர் அணைகள் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் சுமார் ஆறு அடி கீழே இறங்கும், இடைப்பட்ட ஐந்து பகுதிகளிலும் மட்டம் ஏறாமல் இறங்காமல் நிற்கும், மொத்தத்தில் படிக்கட்டு மாதிரி. வெள்ளம் வந்தால் ஷட்டரைத் தூக்கி நேரே ஒக்கிசோபிக்கு அனுப்பிவிடலாம். வெள்ளத் தடுப்பு என்று மட்டும் பார்த்தால் கால்வாய் சொன்ன வேலையைச் செய்தது, இதை மறைக்கக் கூடாது. கால்வாய் முடிந்த அதே 1971இல் மேலே ஆர்லாண்டோ பக்கம் டிஸ்னி வேர்ல்ட் திறந்தது. அந்தப் பகுதி அதற்கப்புறம் எப்படி வளர்ந்தது என்று சொல்லவே வேண்டாம். ஆற்றை மீட்கும் நாள் வந்தபோது அந்த வளர்ச்சியும் கூடவே கணக்கில் வந்து நின்றது.

போனது என்ன

12,000 முதல் 14,000 ஹெக்டேர் வரை சதுப்பு நிலம் காய்ந்தது அல்லது மண்ணுக்கடியில் போனது. குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த வாத்துகள் 92 சதவீதம் குறைந்தன. வெண்தலைக் கழுகுகள் கூடு கட்டும் இடங்கள் 74 சதவீதம் குறைந்தன. காய்ந்த படுகையில் மாடு மேய்ந்தது, மாட்டின் பின்னால் உண்ணிக்கொக்கு வந்தது. நீரில் நின்று மீன் பிடிக்கிற கொக்கும் அரிவாள் மூக்கனும் இருந்த இடத்தை, புல்லில் வெட்டுக்கிளி பிடிக்கிற உண்ணிக்கொக்கு எடுத்துக்கொண்டது. ஒரு படுகையின் உடல்நிலையைச் சொல்ல எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

எனக்கு இதில் மிகவும் வலிக்கிற இடம் ஆற்றின் அறுந்த வளைவுகள்தான். கால்வாய் வெட்டும்போது பழைய ஆற்றை முழுசாக மூடவில்லை, வெட்டுக்கு இருபுறமும் வளைவுகள் துண்டு துண்டாகத் தண்ணீரோடு கிடந்தன. வரைபடத்தில் பார்த்தால் ஆறு இன்னும் இருக்கிறது என்றே தோன்றும். ஆனால் ஓட்டம் இல்லை. ஆகாயத்தாமரையும் வெங்காயத்தாமரையும் மேலே மூடின, செத்தது கீழே இறங்கிச் சேறாகப் படிந்தது, வெள்ளை மணல் தரை கறுப்புக் குழம்புக்கு அடியில் போனது. சேறு மட்க மட்க ஆக்சிஜன் தீர்ந்தது, லிட்டருக்கு 2 மில்லிகிராம்கூடப் பல நேரம் இல்லை. ஆக்சிஜன் குறைந்தால் தாங்காத பெருவாய் பாஸ், சன்ஃபிஷ் மீன்கள் குறைந்தன. மிஞ்சியது ஃப்ளோரிடா கார் என்ற நீள்மூக்கு மீனும் போஃபினும்; நம் விரால் மாதிரி மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கத் தெரிந்தவை. பூச்சிகளிலும் அதே கதை, ஓடும் நீரின் பூச்சிகள் போய்க் குளத்துப் பூச்சிகள் வந்தன.

திரும்பக் கேட்டவர்கள்

கால்வாய் முடிந்த கையோடு எதிர்ப்பும் தொடங்கிவிட்டது. வேட்டைக்காரர்கள், தூண்டில்காரர்கள், சூழல் ஆர்வலர்கள் எல்லோரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அவர்களோடு ஒக்கிசோபி ஏரியைப் பற்றிய கவலையும் சேர்ந்தது. படுகையில் பரவி வடிகட்டி வரவேண்டிய தண்ணீர், பண்ணைகளின் சத்துக்கழிவோடு நேரே ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. 1976இல் ஃப்ளோரிடா சட்டமன்றம் கிஸ்ஸிம்மி மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்ததிலிருந்து கடைசிக் கூடை மண் விழும் வரை 45 ஆண்டு ஆகும் என்று அன்று யாருக்குத் தெரியும்.

1984இல் சோதனை தொடங்கியது. கால்வாயின் ஒரு பகுதியில் இரும்புத் தகடுகளால் மூன்று தடுப்புகள் போட்டு, நடுவில் படகு போக வழி விட்டு, தண்ணீரைப் பக்கத்துப் பழைய வளைவுகளுக்குள் திருப்பினார்கள். ஓட்டம் வந்ததும் சேறு கரைந்து போய் மணல் வெளியே தெரிந்தது. அந்த ஒரு காட்சி போதும், ஆறு சாகவில்லை என்று காட்ட. ஆனால் தடுப்புகள் மட்டும் போதாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஆழமான கால்வாய் பக்கத்திலேயே இருக்கிற வரை, மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் படுகைத் தண்ணீர் அதற்குள் சரசரவென்று வடிந்துவிடும். பெருவெள்ளத்தில் தடுப்புகளின் ஓரத்தை நீர் அரித்துவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆற்றின் சிறு மாதிரியைக் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். இடைவெளி விடாமல் நீளமாகக் கால்வாயை மூடுவதுதான் நிற்கும் என்று முடிவானது. தென் ஃப்ளோரிடா நீர் மேலாண்மை மாவட்டத்தின் உயிரியலாளர் லூ டோத் அப்போது வலியுறுத்திய ஒன்றை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஏதோ ஒரு மீனுக்காகவோ ஒரு வாத்துக்காகவோ திட்டம் போடாதீர்கள், ஆற்றின் முழு இயக்கத்தையும் திருப்பிக் கொடுங்கள், உயிர்கள் தாமாக வரும் என்பது அவர் வாதம். நான் முழுக்க ஒப்புக்கொள்கிற வாதம்.

1992இல் காங்கிரஸ் அனுமதி வந்தது. செலவில் பாதி மத்திய அரசு, பாதி மாநிலம். கடைசியில் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் ஆனது. அதில் பெரும் வேலை நிலம் வாங்குவது. மேலே ஏரிகள் பக்கமும் கீழே ஆற்றோரமும் சேர்த்து 1,00,000 ஏக்கருக்கு மேல். மீட்கிற பகுதியில் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எட்டும் கோடு வரை உள்ள நிலத்தைப் பேசிக் கையில் எடுத்தார்கள். இதைச் செய்யாமல் ஒரு ஆற்றுக்கும் படுகையைத் திருப்பிக் கொடுக்க முடியாது, எந்த நாடாக இருந்தாலும் சரி.

முழு ஆற்றையும் மீட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல் முனையிலும் கீழ் முனையிலும் கால்வாய் அப்படியே இருக்கிறது, வெள்ளத் தடுப்புக்காக. நடுப்பகுதியில் 35 கி.மீ. மட்டும் மூடினார்கள்.

மண் திரும்ப உள்ளே

1994இல் ஒரு சிறு துண்டை மூடிப் பார்த்துவிட்டு, 1999 ஜூனில் முதல் கட்டம் தொடங்கியது. முப்பது ஆண்டுக்கு முன் வெட்டிக் கரையில் குவித்து வைத்த அதே மண்தான், புல்டோசரால் தள்ளித் திரும்பக் கால்வாய்க்குள் போனது. 2000 ஜூனில் எஸ்-65பி என்ற ஷட்டர் அணையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2001 தொடக்கத்தில் முதல் 12 கி.மீ. முடிந்தது.

இங்கே ஒரு நல்ல பழக்கத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். வேலை தொடங்குமுன்பே, எது எவ்வளவு மாறும் என்று 25 எதிர்பார்ப்புகளை எண்ணிக்கையோடு எழுதி வைத்தார்கள், பழைய நிலையையும் அளந்து வைத்தார்கள். பின்னால் வந்து, ஆமாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஓட்டம் வந்ததும் ஆற்றுத் தரையின் சேறு 71 சதவீதம் குறைந்தது. வளைவுகளின் உட்புறம் மணல் திட்டு விழுந்தது, அதில் கரைப்பறவைகள் வந்து இறங்கின. ஆக்சிஜன் எதிர்பார்த்த 3 முதல் 6 மில்லிகிராம் அளவுக்கு ஏறியது. நீரில் விழுந்து கிடக்கும் மரக்கட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஓட்டம் இல்லாத காலத்தில் அதில் குளத்துப் புழுக்கள்தான் இருந்தன. ஓட்டம் வந்ததும், ஓடுகிற தண்ணீரில் வருவதை வடிகட்டித் தின்னும் பூச்சிகள் அதே கட்டையில் குடியேறின. இவை தண்ணீர் ஓடினால்தான் உயிரோடு இருக்கும், நின்றால் பட்டினி. மீன் கூட்டத்தில் பாஸ், சன்ஃபிஷ் இனங்களின் பங்கு 38 சதவீதத்திலிருந்து 63 சதவீதமானது. நீரில் நடந்து இரை தேடும் நெட்டைக்கால் பறவைகள் சதுர கிலோமீட்டருக்கு சராசரி 30 சொச்சம் வரும் என்று எழுதி வைத்தார்கள், பெரும்பாலான ஆண்டுகளில் அதைத் தாண்டி வந்தன. உண்ணிக்கொக்கு குறைந்தது.

ஆற்றின் ஓடுபாதைக்குள் நடந்ததெல்லாம் கிட்டத்தட்ட சொன்னபடி நடந்தது. படுகையில்தான் சிக்கல்.

தண்ணீர் யார் கையில்

கிஸ்ஸிம்மி ஏரியின் வாயில் எஸ்-65 என்ற ஷட்டர் இருக்கிறது. ஆற்றுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பதை அந்த ஷட்டரை இயக்கும் விதிதான் முடிவு செய்கிறது. அந்த விதி வெள்ளத் தடுப்புக்காக எழுதியது: புயல் பருவம் தொடங்கும் ஜூன் 1க்குள் ஏரியை இறக்கி இடம் வைத்திரு, மட்டம் கோட்டைத் தாண்டினால் திறந்துவிடு. அதாவது இயற்கையில் தண்ணீர் குறைய வேண்டிய நேரத்தில் திறப்பும், திடீர் மழைக்குத் திடீர்த் திறப்பும், பிறகு திடீரென்று மூடுவதும். ஆறு வளைந்து நெளிந்து பழைய உருவத்தில் இருக்கிறது, ஆனால் அதில் ஓடுவது பழைய தண்ணீர் இல்லை.

இதைத் திட்டம் போட்டவர்கள் மறந்துவிடவில்லை. மேல் ஏரிகளின் உச்ச மட்டத்தை ஒன்றரை அடி உயர்த்தி, கடல் மட்டத்துக்கு மேல் 54 அடியாக்கி, மழைக்காலத் தண்ணீரைப் பிடித்து வைத்து, மெதுவாக விடுவது என்பது தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் உண்டு. ஆனால் அதற்கு ஏரிக் கரையோர நிலங்களை வாங்க வேண்டும், ஏரிகளுக்கு இடையிலுள்ள கால்வாயை அகலப்படுத்த வேண்டும், கீழே கட்டுமானமும் முடிய வேண்டும். அதனால் 2001இல் ஓட்டம் திரும்பியதிலிருந்து இருபது ஆண்டு இடைக்கால விதியிலேயே ஆற்றை ஓட்டினார்கள்.

இருபது ஆண்டு சிறிய காலம் இல்லை. அகன்ற இலைச் சதுப்பு நிலைபெற ஒரு அடி ஆழத்துக்குக் குறையாமல் ஆண்டில் ஏறத்தாழ ஏழு மாதம் தண்ணீர் வேண்டும். பல ஆண்டுகளில் அது கிடைக்கவில்லை, தண்ணீர் ஏறியது, ஆனால் சீக்கிரமே இறங்கியது. மாதத்துக்கு ஒரு அடி என்ற பழைய வேகத்தைவிட மிக வேகமாக இறங்கிய சமயங்கள் உண்டு. சில கோடை மழைகளில் ஆக்சிஜன் 1 மில்லிகிராமுக்குக் கீழே போகிற நாட்கள் வந்தன. வெயில் காலம், சூடான தண்ணீர், படுகையில் மட்கிக் கிடக்கிற இலைதழை, அதன் மேல் ஒரே அடியாக வெள்ளம். சன்ஃபிஷோடு சேர்த்துப் பங்கு கூடியிருந்தாலும், பாஸ் மீன் எதிர்பார்த்த அளவுக்குப் பெருகாததற்கு இந்தக் கோடைகளுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஷட்டரை ஒரே நாளில் எவ்வளவு கூட்டலாம், எவ்வளவு குறைக்கலாம் என்று வரம்பு வைத்து இயக்கத் தொடங்கினார்கள், அது கொஞ்சம் உதவியது.

சதுப்பு வரவேண்டிய இடத்தில் வேறு ஆட்கள் வந்தார்கள். நம் ஊரில் மாட்டுத் தீவனமாக வளர்க்கிற நீர்ப்புல், அங்கே பாரா புல் என்பார்கள், அது ஒன்று. மேற்கிந்தியச் சதுப்புப் புல் இன்னொன்று. நம் நீர்க்கிராம்பின் உறவான பெரு நாட்டுப் புதர் மூன்றாவது. ஈரமும் வேண்டும், நடுநடுவே காய்ச்சலும் வேண்டும் என்கிற இந்தச் செடிகளுக்கு அரைகுறை வெள்ளம் தோதாக அமைந்துவிட்டது. வேரூன்றிய பிறகு தண்ணீரைச் சரிசெய்தால் மட்டும் அவை போய்விடாது, மருந்து தெளித்தும் தீ வைத்தும் போராட வேண்டியிருக்கிறது. டோத் பின்னாளில் எழுதிய ஆய்வுகளில் பல இந்த அயல் தாவரங்களைப் பற்றித்தான் என்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

வரிசையை மாற்றிச் செய்திருக்க முடியுமா என்று கேட்டால், முழுசாக முடிந்திருக்காது. கீழே கால்வாய் திறந்திருக்கும்போது மேலே தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விட்டாலும் படுகையில் ஏறியிருக்காது. ஆனால் ஏரிக் கரை நிலம் வாங்குவதை மண்வேலைக்குச் சமமான அவசரத்தோடு நடத்தியிருக்கலாம். புல்டோசர் ஓடுவதைப் படம் பிடிக்கலாம், அணை வெடிப்பதைப் படம் பிடிக்கலாம், இயக்க விதியில் ஒரு வரி மாறுவதை யாரும் வந்து படம் பிடிப்பதில்லை. ஆற்று மீட்பு எங்கே நடந்தாலும் பணமும் கவனமும் முதலில் மண்ணுக்கே போவதற்கு இது ஒரு காரணம்.

2021க்குப் பிறகு

2021 ஜூலையில் கடைசிக் கட்டுமானம் முடிந்ததாக அறிவித்தார்கள். 60 கி.மீ.க்கு மேல் ஆறு மறுபடி ஓடுகிறது, 100 சதுர கி.மீ. அளவுக்கு ஆறும் படுகையும் திரும்பின, அதில் சுமார் 20,000 ஏக்கர் சதுப்பு. எஸ்-65சி என்ற இன்னொரு ஷட்டரும் போய்விட்டது. அதற்கப்புறம்தான் ஏரிகளின் புது விதியைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை முறையாகத் தொடங்கியது.

இனி வரும் கண்காணிப்பு அறிக்கைகளில் பறவை எண்ணிக்கையை எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். நான் பார்க்கப் போவது மூன்று எண்கள்: படுகையில் ஒரு அடிக்கு மேல் தண்ணீர் தொடர்ந்து நின்ற நாட்கள், அது மாதத்துக்கு எத்தனை அடி இறங்கியது, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்குக் கீழே போன நாட்கள். முதல் எண் 200ஐத் தாண்டி, இரண்டாவது ஒன்றுக்குக் கீழே நான்கைந்து ஆண்டு தொடர்ந்து நின்றால், மீன்களைப் பற்றிய எதிர்பார்ப்புகளை அப்போது மறுபடி எடுத்து அளக்கலாம். அதற்கு முன்னால் அளந்து, பாஸ் வரவில்லை, திட்டம் பலிக்கவில்லை என்று எழுதுகிறவர்களிடம் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று முதலில் கேளுங்கள்.